அரை வரியில் நின்ற ஊசி

தீபாவளி முடிந்தால் திருப்பூரில் ஒரு வாரத்துக்குச் சத்தமே இருக்காது. கம்பெனிகள் ஷட்டரை இறக்கிவிடும். ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு அவரவர் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நடுரோட்டில் நின்று கத்தாமல் பேசினாலே எதிரில் இருப்பவருக்குக் கேட்கும். பிறந்ததும் வாக்கப்பட்டதும் அதே ஊரில் என்பதால் எனக்கு மட்டும் போக இடமில்லை. இந்த வருடம் இடம் வந்தது, போனில்.

"அக்கா, எம்பேர்லயே டேபிள் குடுத்திருக்காங்க. சனிக்கிழமை சந்தை. நீ வந்தே ஆவோணும்" என்றாள் என் தங்கை மல்லிகா.

அவள் இருப்பது நீலகிரியில், அருவங்காட்டில். கணவர் செல்வராஜுக்கு அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. மலையில் கையால் செய்த பொருட்களுக்கென்று வருடத்துக்கு ஒரு முறை ஒரு சந்தை நடக்கிறது. மல்லிகா ஸ்வெட்டர் பின்னுவாள். இத்தனை நாள் பக்கத்து வீட்டு பாத்திமாவின் டேபிள் ஓரத்தில் தன்னுடையதையும் ஒட்டுக்குடித்தனம் மாதிரி வைத்து விற்றுவந்தாள். தனக்கென்று ஒரு டேபிள் வேண்டும் என்று வருடா வருடம் கேட்டு, இப்போதுதான் கிடைத்திருக்கிறது. பத்தாம் வகுப்பு பாஸானபோதுகூட அவள் குரல் இப்படி நடுங்கவில்லை.

நான் ஒரு பனியன் கம்பெனியில் ஃபினிஷிங் பிரிவு சூப்பர்வைசர். தைத்து வரும் உருப்படியைக் குறை பார்த்து, அயர்ன் போட்டு, மடித்து, பாலி கவரில் நுழைத்து, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, கார்ட்டனில் அடுக்குவது வரைக்கும் எங்கள் பொறுப்பு. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு போட்ட குட்டி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவோம். அம்பு எதைக் காட்டுகிறதோ அது கோளாறு. அந்த ஸ்டிக்கர் ரோல் எப்போதும் என் கைப்பையில் கிடக்கும். கல்யாண வீட்டில் யாராவது பட்டுப்புடவை கட்டி வந்தால் என் கண் முதலில் தேடுவது கரையில் விட்டுப்போன இழையைத்தான். இதற்காக வீட்டில் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல.

அப்படிப்பட்டவள் தங்கையின் முதல் டேபிளுக்கு வெறுங்கையோடு போவேனா? கம்பெனியில் மிஞ்சிய கார்ட்டன்களைத் தட்டையாக மடித்துக் கட்டினேன். பாலி கவர், டிஷ்யூ பேப்பர், சைஸ் ஸ்டிக்கர், ஆவி அடிக்கும் அயர்ன்பாக்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டேன். "தங்கச்சி ஊட்டுக்குப் போறியா, ஷிப்மெண்ட்டுக்குப் போறியா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். ஆண்களுக்குப் பேக்கிங்கின் அருமை தெரியாது.

வியாழக்கிழமை பஸ் பர்லியாரைத் தாண்டி இரண்டு வளைவு ஏறியதும் நின்றுவிட்டது. ராத்திரி மழையில் மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்திருந்தது. எங்கள் ஊராக இருந்தால் பின்னால் நிற்கிற வண்டிகள் ஹாரன் அடித்தே அந்த மரத்தை எழுப்பியிருக்கும். இங்கே டிரைவர் என்ஜினை நிறுத்தினார், சீட்டுக்குப் பின்னாலிருந்து ஸ்வெட்டரை எடுத்து மாட்டினார், இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். பின்னால் வந்த லாரிக்காரர்களும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

குன்னூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர் பையிலிருந்த ஆரஞ்சை உரித்து ஆளுக்கு இரண்டு சுளை கொடுத்தார். மரம் அறுக்கிற மிஷின் காட்டேரி என்கிற ஊரிலிருந்து வரவேண்டுமாம். எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது வருமுங்க. நாம எங்க ஓடிப் போறோம்" என்றார். அந்த நேரத்தில் ஒரு குரங்கு என் டிஷ்யூ பேப்பர் கட்டைப் பிடுங்கிக்கொண்டு மதில்மேல் ஏறியது. ஒவ்வொரு தாளாக எடுத்து முகர்ந்து பார்த்து, தின்பதற்கு ஆகாது என்று தெரிந்ததும், ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் பறக்கவிட்டது. எங்கள் கம்பெனியில் குறை பார்க்கிற செக்கிங் பெண்கள்கூட இவ்வளவு பொறுமையாகப் பார்க்க மாட்டார்கள்.

பிறகு தூறல் பிடித்தது. குடை இல்லாதவர்களுக்கு என் கார்ட்டன்களைப் பிரித்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பாதி பஸ் எங்கள் கம்பெனி பெயரைத் தலையில் தாங்கிக்கொண்டு நின்றது. மளிகைக்காரர் அண்ணாந்து அதைப் படித்துவிட்டு, பனியன் வியாபாரத்துக்கா போகிறீர்கள் என்று கேட்டார். இல்லைங்க, கையால் பின்னிய ஸ்வெட்டர் விற்கப் போகிறோம் என்றேன். அவர் கார்ட்டனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

மிஷின் வந்து மரத்தை அறுத்து வழிவிட்டதும், கார்ட்டன்களைத் திரும்ப வாங்கிக் கட்டிக்கொண்டு அருவங்காடு போய்ச் சேர்ந்தபோது பற்கள் தந்தியடித்தன. மல்லிகா இஞ்சி தட்டிப் போட்ட டீயும் ஒரு தட்டு வர்க்கியும் கொண்டுவந்து வைத்தாள். வர்க்கி என்பது ஊட்டிப் பக்கத்து பேக்கரிப் பண்டம். மேலே மொறுமொறு, உள்ளே ஏடு ஏடாக இருக்கும். கடித்தால் பாதி மடியில் உதிரும். எங்கள் ஊரில் டீக்கு முறுக்கு கடிப்பதுதான் வழக்கம், அதில் எதுவும் வீணாகாது. ஆனால் இந்தக் குளிரில் நனைத்துத் தின்ன வர்க்கிதான் சரி என்று மூன்றாவதைத் தின்னும்போது ஒப்புக்கொண்டேன்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் கையில் ஊசியில்லாமல் நிற்பதை நான் பார்க்கவில்லை. தண்ணீர்க் குழாயடியில் குடம் நிரம்புகிறவரை பின்னுகிறார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட வேனுக்குக் காத்திருக்கும்போது பின்னுகிறார்கள். நூல்கண்டு சேலை முந்தானையில் முடிந்திருக்கிறது. வாய் பாட்டுக்குப் பேசுகிறது, கை பாட்டுக்கு ஓடுகிறது. எங்கள் ஊரில் நிட்டிங் என்றால் வட்ட மிஷின்கள் இராப்பகலாகச் சுற்றுவதுதான். ஒரு துணி இவ்வளவு மெதுவாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வதைப் பார்க்க எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மல்லிகாவும் பேசிக்கொண்டே பின்னிக்கொண்டிருந்தாள். சாயங்காலச் சங்கு ஊதியது. தொழிற்சாலைச் சங்கு பள்ளத்திலிருந்து கிளம்பி மலையில் மோதித் திரும்பி வந்தது. அவள் பேச்சு பாதியில் நின்றது. கையும் நின்றது, வரியின் நடுவிலேயே. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். சங்கு ஓய்ந்ததும் ஊசியை அப்படியே கூடையில் போட்டுவிட்டுப் பால் காய்ச்ச எழுந்து போய்விட்டாள்.

என் கை சும்மா இருக்குமா? கூடையிலிருந்ததை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பிடித்தேன். அருமையான வேலை. ஆனால் அங்கங்கே, வரியின் நடுவில், சில கண்ணிகள் மட்டும் வாய் பிளந்து தளர்ந்திருந்தன. மேலே ஓரிடம், கீழே ஓரிடம். பெட்டியைத் திறந்து முடித்து வைத்த ஸ்வெட்டர்களையும் பார்த்தேன். எல்லாவற்றிலும் இருந்தது. பின்னலைப் பாதி வரியில் விட்டுவிட்டுப் போனால், ஊசி நின்ற இடத்தில் கண்ணி இழுபட்டுப் போகும். இது யாருக்கும் தெரிந்த விஷயம். நான் ரோலை எடுத்து ஒரு ஸ்வெட்டரில் வரிசையாகச் சிவப்பு அம்புகளை ஒட்டினேன்.

பாலோடு வந்தவளிடம் காட்டினேன். வரியை முடித்துவிட்டு எழுந்திருக்க என்ன கேடு என்று கேட்டேன். அவள் அம்புகளைப் பார்த்து முதலில் சிரித்தாள்.

"அதெல்லாம் சங்கு ஊதுன எடம்க்கா. ஊதுனா கை நின்னுரும். ஒரே மூச்சா ஊதி முடிஞ்சா வேலை முடிஞ்சுது, ஆளு ஊட்டுக்கு வர்றாருன்னு அர்த்தம். விட்டு விட்டு ஊதுனா உள்ள ஏதோ ஆயிப்போச்சுன்னு அர்த்தம். முடியற வரைக்கும் என்ன சங்குன்னு தெரியாதில்ல?"

அப்படி விட்டு விட்டு ஊதி எப்போதாவது கேட்டிருக்கிறாயா என்றேன். ஒரு நாளும் இல்லை என்றாள். ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மத்தியானமும் சாயங்காலமும் அவள் கை நிற்கிறது. பாத்திமாவுக்கும் அப்படித்தான். இந்த வரிசையில் இருக்கிற எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான்.

ஆனால் காரணம் எதுவானாலும் கோளாறு கோளாறுதான். இதோடு டேபிளில் வைத்தால் உன்னை யார் மதிப்பார்கள் என்று சொன்னேன். அம்பு ஒட்டியதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தவள், "அப்ப என்னக்கா பண்றது?" என்று கேட்டாள். அதற்குத்தானே நான் வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க அயர்ன். கட்டிலில் போர்வையை விரித்து, ஸ்வெட்டரைப் பரப்பி, ஆவி அடித்து அமுக்கினேன். தளர்ந்த கண்ணிகள் பக்கத்துக் கண்ணிகளோடு ஒட்டிப் படுத்துவிட்டன. எங்கே கோளாறு இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. புஸுபுஸுவென்று இருந்த ஸ்வெட்டர்கள் அப்பளம் மாதிரி ஆயின. அம்புகளைப் பிய்த்துப் போட்டேன். அட்டை வைத்து மடித்து, கவரில் நுழைத்து, சைஸ் ஸ்டிக்கர் ஒட்டி, கார்ட்டனில் அடுக்கியபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அமெரிக்காவுக்கு அனுப்பலாம்.

மல்லிகா ஒன்றைக் கவரோடு எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "என்னமோ நம்ம கம்பளி மாதிரியே இல்லைக்கா" என்றாள். மறுநாள் ஊசியையும் நூலையும் சந்தைக்கு எடுத்து வரவேண்டாம் என்றும் சொன்னேன். கடைக்கு முதலாளி மாதிரி உட்காரவேண்டும், பின்னிக்கொண்டு உட்கார்ந்தால் கூலிக்காரி மாதிரி இருக்கும் என்பது என் யோசனை. அவள் சரி என்றாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் சரி என்பவள்.

செல்வராஜ் ராத்திரி சாப்பிடும்போது கார்ட்டன்களைப் பார்த்துவிட்டு, மனைவியின் அக்காவை அழைக்கும் எங்கள் பக்கத்து முறையில், "ஏனுங்க நங்கையா, நம்மூடு குடோன் மாதிரி ஆயிப்போச்சே" என்றார். அவரை நான் பொருட்படுத்தவில்லை. அன்றைக்குச் சாப்பாடு படகர் வீட்டுப் பக்குவத்தில் வைத்த அவரைக்கொட்டைக் குழம்பு. மிளகாய் இன்னும் கொஞ்சம் தூக்கலாக இருந்திருக்கலாம்.

சந்தை, அருவங்காட்டுப் பள்ளத்தைப் பார்த்த சரிவில் ஒரு சர்ச் மைதானத்தில் நடந்தது. நாங்கள் போனபோது பனிமூட்டத்தில் டேபிள்கள் பாதிதான் தெரிந்தன. டேபிள் முன்னால் 'மல்லிகா செல்வராஜ், அருவங்காடு' என்று எழுதிய அட்டை குத்தியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவள் உட்கார்ந்தாள்.

மூட்டம் விலகியதும் நான் சுற்றக் கிளம்பினேன். உண்ணிச்செடிக் குச்சிகளை வளைத்துக் கட்டிய யானைகள் குட்டியோடு நின்றன. காட்டையே தின்கிற களையை வெட்டி யானை செய்கிறார்கள் என்று கூடலூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் மலையாளம் கலந்த தமிழில் சொன்னார். கீழ் கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு அம்மா தேயிலைச் செடியின் வேரைக் கவிழ்த்துப் போட்டு ஸ்டூலாக்கியிருந்தார். வயதாகிப் பிடுங்கிப் போட்ட செடிகளாம். சின்ன வயதில் சிலோனிலிருந்து வந்தவர். "தேத்தண்ணிய நாப்பது வருசம் குடுத்துச்சு, இனி ஆளுங்க குந்திக்கிறதுக்கு இருக்கட்டும்" என்று ஸ்டூலைத் தட்டினார்.

தோடர் பெண் ஒருத்தி கறுப்பும் சிவப்புமாகப் பூவேலை செய்த சால்வைகளை வைத்திருந்தாள். ஒன்றில் நூல் கரடு கரடாக வெளியே தெரிந்தது. பாவம், திருப்பி வைத்துவிட்டாள் என்று நான் வழவழப்பான பக்கத்தை மேலே வைத்துச் சரிசெய்தேன். அவள் மறுபடி பழையபடி வைத்தாள். "எங்களுக்கு இதுதான் மேல்பக்கம்" என்றாள். ஃபினிஷிங் சூப்பர்வைசரான எனக்கு அங்கே நிற்கவே கை அரித்தது. பேசாமல் ஒரு பொட்டலம் தேன்மிட்டாய் வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

திரும்பி வந்தால் பக்கத்து டேபிளில் பாத்திமாவின் ஸ்வெட்டர்கள் குவியலாகக் கிடந்தன. குப்பை மாதிரி. ஆனால் அதைச் சுற்றித்தான் கூட்டம். ஆளாளுக்குக் கையை விட்டுக் கிளறுகிறார்கள், முகத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். மல்லிகாவின் டேபிளுக்கு வந்தவர்கள் கவரைத் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போனார்கள். நல்ல பொருளை மதிக்கத் தெரியாத ஜனங்கள் என்று நான் மனதுக்குள் வைதேன்.

அப்போதுதான் குளோரி டீச்சர் வந்தார். ரிட்டயரான பள்ளி ஆசிரியை, சந்தையை நடத்துகிறவர். நரைத்த தலையில் மஃப்ளர், கழுத்தில் கண்ணாடி. போன வருடம் யாரோ வெளியூரிலிருந்து மூட்டை மூட்டையாக மிஷின் ஸ்வெட்டரைக் கொண்டுவந்து கைவேலை என்று விற்றுவிட்டுப் போய்விட்டார்களாம். அதிலிருந்து அவரே ஒவ்வொரு டேபிளாகப் பார்க்கிறார். மிஷின் சரக்கு என்று தெரிந்தால் டேபிளைக் காலி செய்யவேண்டும். அந்தப் பெயருக்கு அப்புறம் எந்த வருடமும் டேபிள் கிடையாது. இதை பாத்திமா காலையிலேயே சொல்லியிருந்தாள். நமக்கென்ன என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

டீச்சர் ஒரு கவரை எடுத்தார். சைஸ் ஸ்டிக்கரைப் பார்த்தார். குனிந்து கார்ட்டனில் அச்சடித்திருந்ததைப் படித்தார். உள்ளே கைவிட்டுத் தட்டையான ஸ்வெட்டரைத் தடவினார்.

"இதெல்லாம் யார் பேக் பண்ணது?"

"நானுங்க" என்றேன், பெருமையாகத்தான்.

"நீங்க எந்த ஊரு?"

"திருப்பூருங்க."

அந்தப் பெயரை எத்தனையோ இடத்தில் தலை நிமிர்ந்து சொல்லியிருக்கிறேன். சொன்னவுடன் எதிராளி முகம் இப்படி விழுந்து பார்த்ததில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இல்லைங்க டீச்சர், இவள் கையால் பின்னியதுதான், நான் அயர்ன் மட்டும்தான் போட்டேன், எங்கள் கம்பெனியில் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்தேன் என்று படபடவென்று பேசினேன். பேசப் பேசக் குழியை நானே ஆழமாக்கிக்கொண்டிருந்தேன்.

டீச்சர் என்னிடம் கோபிக்கவில்லை. மல்லிகாவைப் பார்த்து மெதுவாக, "பாத்திமா சொன்னாங்கன்னு நம்பித்தானே குடுத்தோம்மா" என்றார். மல்லிகா கைகளை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு தன் பெயர் எழுதிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள். திருடியைப் பார்க்கிற பார்வை அது. என் தங்கை அப்படிப் பார்க்கப்படுவதற்கு என் கார்ட்டன்தான் காரணம் என்று நினைக்க எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாத்திமா தன் ஊசியையும் அரைகுறைப் பின்னலையும் மல்லிகா மடியில் போட்டு, "பின்னிக் காட்டுடி" என்றாள். மல்லிகா எடுத்தாள். விரல்கள் ஓட ஆரம்பித்தன. டீச்சர் நின்று பார்த்தார். தலையசைத்தார்.

"பின்னத் தெரியாதுன்னு நான் சொல்லலையே. இந்தக் கவருக்குள்ள இருக்கிறத யார் பின்னுனதுங்கிறதுதான் கேள்வி. சாப்பாட்டு நேரத்துக்குள்ள எடுத்துக்குங்க, சத்தம் வேண்டாம்."

நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். டீச்சர் அடுத்த டேபிளுக்குத் திரும்பினார். மல்லிகா நிறுத்தவில்லை. கையை வேறென்ன செய்வது என்று தெரியாததால் பின்னிக்கொண்டே இருந்தாள். கண்ணீர் ஊசிமேல் சொட்டியது.

மத்தியானச் சங்கு ஊதியது.

மல்லிகாவின் கை நின்றது. பாத்திமா சில்லறை கொடுக்க நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எதிர் வரிசையில் மூன்று குவார்ட்டர்ஸ் பெண்கள் பின்னிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருடைய ஊசியும் நின்றது. எல்லா முகங்களும் பள்ளத்தின் பக்கம் திரும்பின. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவமானத்தில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்த என் தங்கையின் முகத்தில் அந்த நேரத்துக்கு அவமானம்கூட இல்லை; காது மட்டும்தான் இருந்தது. டூரிஸ்டுகள் பாட்டுக்குச் சத்தமாகப் பேசிக்கொண்டு நடந்தார்கள். சங்கு ஒரே மூச்சாக ஊதி ஓய்ந்தது. பாத்திமா சில்லறையைக் கொடுத்தாள். எதிர்வரிசைப் பெண்கள் பின்னலை வரியின் நடுவிலேயே கூடையில் போட்டுவிட்டுச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்கள்.

குளோரி டீச்சர் நடுவழியில் நின்றுவிட்டார். கையைத் திருப்பி வாட்ச்சைப் பார்க்கப் போனவர், பார்க்காமல் இவர்களையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு மூளையில் பளிச்சென்றது. ஒரு கவரைப் பல்லால் கடித்துக் கிழித்தேன். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடி, தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் டிரம்முக்கு மேலே பிடித்தேன். டீக்காரர் ஏதோ சத்தம் போட்டார். அசல் கம்பளி நூல் என்பதால் பிழைத்தேன். செயற்கை நூலான அக்ரிலிக்காக இருந்திருந்தால் என் அயர்ன்பாக்ஸ் அதை ஒரேயடியாக முடித்திருக்கும். கம்பளி, அமுக்காமல் ஆவி மட்டும் பட்டால் பழையபடி எழும்பும். உதறினேன், மறுபடி பிடித்தேன். அப்பளம் மெல்ல உப்பியது. உள்ளே படுத்துக்கிடந்த கண்ணிகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன.

ஓடிவந்து டேபிளில் பரப்பி, கைப்பையிலிருந்து ரோலை எடுத்து அம்புகளை ஒட்டினேன். இங்கே ஒன்று. கொஞ்சம் மேலே இங்கே ஒன்று. தோள்பட்டைக்குக் கீழே ஒன்று.

"டீச்சர், பாருங்க. மிஷின் வரியை முடிக்காம பாதியில நிக்காது. நின்னா அது ரிப்பேர். இவ கை நின்ன எடமெல்லாம் இது. இப்ப நின்னுச்சே, அதே மாதிரி."

டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு அம்புக்குக் கீழே விரலை வைத்தார். பிறகு பாத்திமாவின் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அதிலும் இருந்தது. எதிர்வரிசைக்குப் போய் அவர்களுடையதையும் பார்த்தார். திரும்பி வந்து மல்லிகாவின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னத்துக்கும்மா நிறுத்துறீங்க என்று கேட்டார். மல்லிகா என்னிடம் சொன்னதையே அவரிடமும் சொன்னாள், தலையைத் தூக்காமல்.

டீச்சர் தன் வாட்ச்சைத் தொட்டுக்கொண்டார். "இத்தனை வருசமா நான் அந்தச் சங்குக்கு வாட்ச்சத்தான் சரி பண்ணிட்டிருக்கேன்" என்றார். எழுந்து, சாய்ந்திருந்த பெயர் அட்டையை நிமிர்த்தி அழுத்திக் குத்தினார். பிறகு என் பக்கம் திரும்பி, பள்ளிக்கூடத்துக் குரலில், கவரையெல்லாம் கழற்றிவிடும்படியும் அந்தக் கார்ட்டன்களை டேபிளுக்கு அடியில்கூட வைக்கக் கூடாது என்றும் சொன்னார். நான் முட்டிபோட்ட பிள்ளை மாதிரி தலையாட்டினேன்.

மத்தியானம் முழுக்க நானும் பாத்திமாவும் முறை வைத்து டீக்கடை ஆவியில் ஸ்வெட்டர் பிடித்தோம். டீக்காரர் முதலில் முறைத்தார், அப்புறம் அவரே டிரம்மில் தண்ணீரை நிரப்பிக் கொடுத்தார். மல்லிகா பாத்திமாவின் பின்னலை மடியில் வைத்துப் பின்னிக்கொண்டே வியாபாரம் பார்த்தாள். பெங்களூரிலிருந்து வந்த ஒரு அம்மா அம்பு ஒட்டிய ஸ்வெட்டரை எடுத்து, இது டேமேஜா என்று கேட்டார். மல்லிகா என்னைப் பார்த்தாள். நான் தேன்மிட்டாயைத் தின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தேன். அவளே தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்டு முடித்ததும் அந்த அம்மா அந்தத் தளர்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஸ்டிக்கரைப் பிய்த்துத் தரட்டுமா என்று மல்லிகா கேட்டதற்கு வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். செல்வராஜ் பஸ்ஸில் இடம் போட்டுக் கொடுத்தார். கார்ட்டன்களைப் போட்டுக் குளிருக்கு அடுப்பு மூட்டிவிட்டார்களாம், அதனால் வரும்போது இருந்த சுமை இல்லை. அயர்ன்பாக்ஸை மட்டும் மடியில் வைத்துக்கொண்டேன். திருப்பூர் வெயிலில் போட்டுக்கொள்ள முடியாது என்று தெரிந்தும், மல்லிகா எனக்கொரு ஸ்வெட்டர் தருவாள் என்று உள்ளுக்குள் ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. ஜன்னலோரம் வந்து நின்றாள். கையில் ஒன்றும் இல்லை. பஸ் உறுமியதும் வெறுங்கையை ஜன்னலுக்குள் நீட்டினாள்.

"அக்கா, அந்தச் செவப்பு அம்பு ரோலைக் குடுத்துட்டுப் போ" என்றாள். "உனக்குக் கம்பெனில வேற தருவாங்க."